நூறு வருஷம் மங்காது

"என்னப்பா இது, ஏழு பெட்டியிலயும் வெத்துக் காகிதமா இருக்கு? எங்கப்பா எடுத்த போட்டோவையெல்லாம் என்ன பண்ணீங்க?"

ஆவணக் காப்பகத்துக்காரர் கையுறையைக் கழற்றிவிட்டுத் தலையைச் சொறிந்தார். "சத்தியமா நாங்க தொடவே இல்லைம்மா. முப்பது வருஷம் கழிச்சுத்தான் திறக்கணும்னு உங்கப்பா எழுதி வச்சிருந்தார். முத்திரையை இன்னைக்குத்தான், உங்க கண்ணு முன்னாலதான் உடைச்சேன்."

அறுபத்து மூன்று வயதில் அவளுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. அப்பா ரசாயனம் படித்தவர். போட்டோ அச்சிடும் காகிதத்தைத் தானே தயாரித்து விற்றுப் பெரிய முதலாளியானவர். 'நூறு வருஷம் மங்காது' என்று ஒவ்வொரு பாக்கெட்டிலும் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார். அதே காகிதத்தில் போட்ட சொந்தப் படங்களை மட்டும், வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்று பூட்டியே வைத்திருந்தார். பெற்ற மகளுக்குக்கூடக் காட்டியதில்லை.

அவளுக்கு இரண்டு வயதாகும்போதே அம்மா கண்ணை மூடிவிட்டாள். அந்த முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் இத்தனை வருஷம் காத்துக் கிடந்தாள்.

ஒரு படத்தைத் திருப்பினாள். பின்பக்கம் அப்பாவின் பென்சில் எழுத்து: 'விற்பனையாளர் கூட்டம். இடமிருந்து மூன்றாவது நான்.' முன்பக்கம் மூன்றாவது ஆளும் இல்லை, முதல் ஆளும் இல்லை.

"ஈரம் பட்டிருக்குமோ தம்பி?"

"இதே அறையில இதைவிடப் பழைய படமெல்லாம் பளிச்சுனு இருக்கும்மா. நீங்களே பாருங்க."

பார்த்தாள். யாரோ ஒரு குடும்பம் வரிசையாக நின்று அவளைப் பார்த்துச் சிரித்தது. அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"இப்படி ஆகும்னு தெரிஞ்சிருந்தா எங்கப்பா உசிரையே விட்டிருப்பார். எத்தனை வீட்டுக் கல்யாணம், எத்தனை வீட்டுக் குழந்தைங்க, எல்லாம் அவர் காகிதத்துலதானே இருந்துச்சு! பாவம், அவருக்கே தெரியாமப் போச்சே."

காப்பகத்துக்காரர் ஏழாவது பெட்டியைத் துழாவினார். அடியில் தனியாக ஒரு உறை கிடந்தது. பிரித்தவர், "அம்மா!" என்று கத்தியே விட்டார்.

நாற்காலியில் ஒரு இளம்பெண். மடியில் கைக்குழந்தை. புடவைக் கரையின் பூ வேலை வரைக்கும் துல்லியமாகத் தெரிந்தது.

"ஐயோ, என் மூக்கு! அப்படியே என் மூக்கு!" அவள் சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். "பாத்தியா தம்பி, துளிகூட மங்கல. எங்கப்பா காகிதம்னா சும்மாவா?"

அவர் உறைக்குள் இருந்த ஒரு சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே அதை நீட்டினார்.

அறுபத்திரண்டு வருஷத்துக்கு முன், தொழிற்சாலை திறந்த அதே வாரத்தில், படம் அச்சிடும் ஆளுக்கு அப்பா எழுதிய சீட்டு அது:

'இந்த ஒரு படத்தை மட்டும் நம் காகிதத்தில் போட வேண்டாம்.'