பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்

“பேரு வைக்கிறவன் ஒருத்தன், சோறு வைக்கிறவன் ஒருத்தன்...” என்று ஆரம்பித்து ஏதோ சொல்வார் அவளுடைய பெரியப்பா. எவ்வளவு யோசித்தும் மீதி ஞாபகம் வரவில்லை. குத்தலாக முடியும் என்பது மட்டும் நினைவிருந்தது.

கணவன் வேலை பார்க்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் விசா பிரிவில், ஜெராக்ஸ் மெஷினுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கணவன். லிஃப்ட் மெக்கானிக். சைட்டிலிருந்து நேராக வந்திருந்தான். நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை.

கல்யாணமாகிப் பத்து மாதம். ஏழு வயது மகள், இறந்துபோன முதல் கணவனுக்குப் பிறந்தவள். வாசலோரம் சுழல் நாற்காலி ஒன்றைக் கண்டுபிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

எதிரே விசா குமாஸ்தா. நம் ஊர்க்காரர்தான். தொழிலாளிகள் வைத்த பெயர் ‘பேப்பர் அண்ணன்’.

“தங்கச்சி, இங்க தங்கறதுக்கு உன் விசா தயார். குழந்தைக்குத்தான் இடிக்குது. பாஸ்போர்ட்ல அவ பேருக்குப் பின்னால இருக்கிறது இவர் பேரு இல்லையே. அப்பா ஒருத்தர், கூட்டிட்டு வர்றது இன்னொருத்தரான்னு மேலிடத்துல கேக்கறாங்க.”

“அவர் இறந்துட்டார் அண்ணே. சர்ட்டிபிகேட் வச்சிருக்கோமே?”

“அது போதாது. ரெண்டு வழி இருக்கு. தத்துப் பத்திரம் பதிஞ்சு, பாஸ்போர்ட்ல அப்பா பேரை மாத்திடலாம். அவசரம்னு போட்டா ரெண்டே வாரம். இல்லேன்னா, பேரு அப்படியே இருக்கட்டும், இவர்தான் கார்டியன்னு ஊர்ல கோர்ட் ஆர்டர் வாங்கணும். நம்ம கோர்ட்டைப் பத்தி நான் சொல்லணுமா? எட்டு மாசம்னா அது அதிர்ஷ்டம். உங்க விசிட் விசா இன்னும் பத்தொன்பது நாள்தான்.”

பேர் மாற்றும் படிவத்தை நீட்டினார். அவள் பேனாவை வாங்கி, அவர் விரல் வைத்த இடத்திலெல்லாம் மளமளவென்று கையெழுத்துப் போட்டாள்.

கணவன் படித்தான். இரண்டு தடவை படித்தான். பேனாவைக் கீழே வைத்தான்.

“இது வேண்டாம்ணே. கோர்ட் ஆர்டரே வாங்கிக்கலாம்.”

“ஏன்யா, லிஃப்ட் இருக்கும்போது இருபது மாடி எதுக்குப் படியேறணும்? அதுவும் நீ லிஃப்ட் மெக்கானிக்!”

“சில வீட்டுக்குப் படிதான்ணே வழி.”

அவள் கணவனை ஏறிட்டுப் பார்த்தாள். ஊரிலிருந்து கிளம்பும்போதே மாமியார் சொல்லியிருந்தாள்: “பிள்ளையை உங்கம்மாகிட்ட விட்டுட்டுப் போயேன். புதுக்குடித்தனத்துக்கு எதுக்குப் பழைய சுமை?” அன்று இவன் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்கு அர்த்தம் இப்போதல்லவா தெரிகிறது!

“ஏங்க, ஒரு கையெழுத்து. உங்க பேரை அவளுக்குக் குடுத்தா உங்களுக்கு என்ன குறைஞ்சிடும்?”

“கொஞ்சம் இரு.”

“எதுக்கு இருக்கணும்? பொண்டாட்டி வேணும், அவ வேண்டாம். அதானே? உங்கம்மா வாயால சொன்னதை நீங்க பேப்பர்ல சொல்றீங்க.”

பேப்பர் அண்ணன் ஃபைலை மூடினார். “தப்பா நினைக்காதே தம்பி. தங்கச்சி கேக்கறது நியாயம். மனசுல இருக்கிறதை நேரா சொல்லிடு.”

அவன் நகக்கண்ணைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்.

“இவங்களைக் கூட்டிட்டு வர்றதுக்கு முன்னால குழந்தையோட தாத்தா பாட்டியைப் போய்ப் பாத்தேன்.”

“எங்க அம்மா அப்பாவையா?”

“இல்ல. அவரோட அம்மா அப்பாவை.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுகல்யாணத்துக்குப் பிறகு அவள் அந்தத் தெருப்பக்கமே தலை வைத்துப் படுத்ததில்லை.

“ஒரே பையன். பேங்க்ல அவர் பேரை எடுத்தாச்சு. கரண்ட் பில்லுலயும் எடுத்தாச்சு. இனிமே அவர் பேரை யாரும் எங்கயும் எழுதப் போறதில்ல. இவ பேருக்குப் பின்னால மட்டும்தான் மிச்சம் இருக்கு. அதையும் நான் அடிக்கணுமாண்ணே?”

மெஷின் ஒரு பக்கத்தைத் துப்பிவிட்டு நின்றது.

“பேரை மாத்தாதேன்னு அவங்க கேட்டாங்களா?” என்றார் பேப்பர் அண்ணன்.

“கேக்கல. டீ குடுத்தாங்க. குழந்தைக்கு ஸ்வெட்டர் வாங்கிக் குடுங்கன்னாங்க. வேற எதுவும் கேக்கல. அதனாலதான்.”

அவள் தன் கையெழுத்தைப் பார்த்தாள். மை இன்னும் பளபளத்தது. போடுவதற்கு அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

பேப்பர் அண்ணன் மூடிய ஃபைலை மறுபடி திறந்தார். குரல் தணிந்திருந்தது.

“எல்லாம் சரிதான் தம்பி. ஆனா கோர்ட்ல நீ நேர்ல நிக்கணும். அடுத்த மாசம் உன் வேலை பெர்மிட் முடியுது. புதுப்பிக்கிற நேரத்துல நீ இங்க இல்லேன்னா ரத்து. ஆறு வருஷ சர்வீஸ் போச்சு, மெக்கானிக் போஸ்ட் போச்சு. திரும்பி வந்தா மறுபடி ஹெல்பர்தான். அதுவும் கம்பெனி கூப்பிட்டால். யோசிச்சுக்கோ.”

“வேண்டாங்க” என்று அவள் அவன் கையைப் பிடித்தாள். “பேரை மாத்திடலாம். அவங்க தப்பா எடுத்துக்க மாட்டாங்க. நானே போய்ச் சொல்லிடறேன்.”

அவன் அவள் கையெழுத்துப் போட்ட படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஊருக்கு மூன்று டிக்கெட் போடச் சொன்னான்.