ஒரு வாய் தண்ணீர்

சாயப்பட்டறை விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில், மயிலாத்தாள் பாட்டிலில் கொண்டுவந்த தன் கிணற்றுத் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை அதிகாரியின் டம்ளரில் ஊற்றினாள். பீட்ரூட் நிறத்தில் இருந்தது.

“எங்க புள்ளைங்க இதைத்தானுங்க குடிக்குது. நீங்களும் ஒரு வாய் குடிச்சுட்டு அனுமதி குடுங்க.”

அதிகாரி டம்ளரைத் தொடவில்லை.

டிவி நிருபர் ஓடிவந்தான். “அக்கா, கேமரா ஆன் ஆகல. இன்னொரு தடவை ஊத்துங்க.”

“தீந்துபோச்சு.”

பட்டறை முதலாளிகள் சங்கச் செயலாளர் எழுந்துவந்தார். டம்ளரை ஜன்னல் வழியே கொட்டி, தன் மினரல் வாட்டரை நிரப்பி, அவள் கையில் திணித்தார். “படத்துக்குத்தானம்மா, சும்மா புடிங்க.”

அவர் முகத்தில் வீச அவள் கையை ஓங்குவதற்குள் கேமரா விளக்கு எரிந்தது. அதிகாரி அந்தக் கையைப் பிடித்து, டம்ளரை வாங்கி, ஒரே மூச்சில் குடித்தார்.