எடை கூடிய வேன்

"இந்தப் புதுக் கட்டணத்தைப் போட்டது யாரு? வெளியே வரச் சொல்லு!" என்று குப்பைக் கிடங்கு வாசலில் காலையிலிருந்தே ஒரே கூச்சல். எடை போடும் பெண்ணுக்குத் தலை சுற்றியது. போதாக்குறைக்கு இந்த வேன் வேறு.

உள்ளே போகும்போது ஆயிரத்து எழுநூறு கிலோ. பழைய மெத்தையை இறக்கிவிட்டுத் திரும்பினால் ஆயிரத்து எழுநூற்று ஐம்பது!

"எவ்வளவு குறையுதோ அதுக்குத்தாண்ணே கட்டணம். உங்களுக்குக் கூடியிருக்கே! கிடங்குலேர்ந்து எதையாவது ஏத்திட்டீங்களா?"

"குப்பையில ஒரு ஆணிகூடத் தொடலம்மா," என்ற வேன்காரருக்கு ஏனோ வியர்த்துக் கொட்டியது.

மறுபடி எடை போட்டாள். அதே ஐம்பது கூடுதல். கூட்டினாலும் கழித்தாலும் ஒன்றும் பிடிபடவில்லை. கட்டணத்தை நிர்ணயித்த அதிகாரியையே கேட்டுவிடலாம் என்று அவருடைய கைப்பேசிக்கு அழைத்தாள்.

வேனுக்குள் மணி அடித்தது.

பின்னால் தார்ப்பாய் மெல்ல விலகியது. "காதும் காதும் வச்ச மாதிரி என்னை வெளியே விட்டுடும்மா," என்று கெஞ்சினார் அதிகாரி.

அவள் குழப்பத்தோடு கட்டணப் பட்டியலைப் புரட்டினாள்.

"மெத்தை இருக்கு, டயர் இருக்கு... அதிகாரின்னு ஒண்ணும் காணோமே. உங்களுக்குக் கிலோவுக்கு எவ்வளவு சார் போடறது?"