தாளிக்காத குழம்பு

“ஐயையோ அண்ணாச்சி, நேரா உள்ளேயே வந்துட்டியளே! வீட்டுல அம்மை போட்டிருக்கு!”

பேச்சியம்மாள் போட்ட கூச்சலில் சுயம்புலிங்கம் டிரங்குப் பெட்டியைக் கூடத்திலேயே வைத்துவிட்டார். திரும்பிப் பார்த்தால், அவர் தள்ளிக்கொண்டு வந்த கதவுக்குப் பின்னால் வேப்பிலைக் கொத்து தொங்கியது. வாசலில் கட்ட வேண்டியதைக் கதவுக்குப் பின்னால் கட்டுகிற வீடு மாம்பலத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

“யாருக்கு?”

“உங்க மக கோமதிக்குத்தான்.”

அன்று ராத்திரி அவருக்குப் பம்பாய் ரயில். அங்கே புது வேலை. மனைவி வடிவை ஒரு வார்த்தை கேட்காமல் ஒப்புக்கொண்ட வேலை. அந்தக் கோபத்தில்தான் வடிவு மகளைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அதன் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. போகிற வழியில் மகளை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று மச்சானுக்கு ஒரு கார்டு போட்டிருந்தார். அதைப் படித்ததிலிருந்து, மச்சான் மனைவி பேச்சியம்மாளுக்கு ஒரே யோசனை. இப்படியே ரயிலேறினால் இந்தக் குடும்பம் இனி எங்கே ஒட்டப்போகிறது?

கோமதி பாயில் குப்புறப் படுத்திருந்தாள். ஐந்து வயது. முதுகெல்லாம் சிவப்பாகப் பொரிந்து கிடந்தது.

“அப்பா, அரிக்குதுப்பா.”

அவர் மகளின் முதுகைத் தடவிப் பார்த்தார். சுவரோரம் நின்ற மனைவியைப் பார்த்தார். வடிவு காலண்டரைப் பார்த்தாள்.

“அம்மைதானா, தங்கச்சி?”

“பின்னே? முத்து முத்தாப் போட்டிருக்கு, தெரியலையா? மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் உள்ளே வந்தவங்க வெளியூர் போகப்படாது. ஆத்தா கோவிச்சுக்குவா.”

சுயம்புலிங்கம் பெருமூச்சு விட்டார். “அப்போ மச்சானைப் பம்பாய்க்கு ஒரு தந்தி கொடுக்கச் சொல்லுங்க. கட்டிக்க ஒரு வேட்டி கொடுங்க.”

பேச்சியம்மாள் அடுப்படிக்கு ஓடிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “முண்டகக்கண்ணி தாயே, பொறுத்துக்கோ! அது வெறும் வேர்க்குரு. இந்த மனுசனை நிறுத்த எனக்கு வேற வழி தெரியலை. உனக்குக் கூழ் ஊத்துதேன்.”

வடிவிடமும் அவள் உண்மையைச் சொல்லவில்லை. காலையில் “பிள்ளைக்கு அம்மைளா” என்றதும், “அப்படியா மதினி?” என்று கேட்டுவிட்டு வேப்பிலை பறிக்கப் போய்விட்டாள் வடிவு. வெகுளிப் பெண்! இவள் எப்படிப் புருஷனைக் கட்டி மேய்க்கப் போகிறாள்?

பொய் சொன்னால் முழுசாகச் சொல்ல வேண்டுமே. அம்மை வீட்டில் தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது, மீன் பக்கமே போகக் கூடாது. பேச்சியம்மாளின் பையன்கள் இரண்டு பேரும் லீவும் அதுவுமாகக் கடற்கரைக்கும் போக முடியாமல், அப்பளமும் இல்லாமல் வீட்டுக்குள் முழித்தார்கள். அவள் புருஷன் சிதம்பரநாதன் பாத்திரக் கடையிலிருந்து வந்து தட்டைப் பார்த்ததும் அவள் காதில் கிசுகிசுத்தார்.

“இந்தக் குழம்பை இன்னும் எத்தனை நாளு திங்க?”

“உங்க தங்கச்சிக்காகத் தின்னுங்க. நாக்கு ஒண்ணும் செத்துப் போகாது.”

முதல் நாள் வடிவு, “அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லுளா” என்று மகளிடம் சொன்னாள். மறுநாள் சுவரைப் பார்த்து, “சாப்பிட வாங்க” என்றாள். அதற்கே பேச்சியம்மாள் பூரித்துப் போனாள்.

இன்னொரு மத்தியானம் நுங்குக்காரி தேவானை வந்தாள். அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டிருந்த வேப்பிலையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். “இன்னா நைனா, அம்மை போட்ட வூடா? நான் உள்ள வர்ல. இங்கியே வச்சிட்டுப் போறேன்.”

சுயம்புலிங்கம் நுங்கைத் தோலெடுத்து மகளுக்கு ஊட்டினார். மிச்சத் தண்ணீரை அவள் முதுகில் தடவிவிட்டார். வடிவு பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் விசிறினாள். மகள் தூங்கிய பிறகும் விசிறினாள். இப்போது காற்று அவர் பக்கம் வந்தது.

“உன்னைக் கேட்காம ஒத்துக்கிட்டது தப்புதான் வடிவு.”

“இதை அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்திய?” என்று கேட்டு அவள் அழுதது அடுப்படி வரைக்கும் கேட்டது. பேச்சியம்மாளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று சிதம்பரநாதன் பம்பாய்க்கு மூன்று டிக்கெட்டோடு வந்தார். டிக்கெட்டைக் கண்ணால் பார்த்த பிறகு பேச்சியம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. ஆத்தா பேரைச் சொல்லிச் சொன்ன பொய் ஆயிற்றே!

“அண்ணாச்சி, ஏசினாலும் சரி, அடிச்சாலும் சரி. பிள்ளைக்கு வந்தது அம்மையே இல்லை, வேர்க்குரு. உங்களை நிறுத்தணும்னு நான்தான் பொய் சொன்னேன்.”

சுயம்புலிங்கம் சிரித்தார். மகளின் காது மடலை மடக்கி, பின்னால் இருந்த சின்னத் தழும்பைக் காட்டினார்.

“போன வைகாசியிலேயே இவளுக்கு அம்மை போட்டு எறங்கிடுச்சு தங்கச்சி. அம்மை போட்ட வீட்டுல இருந்து கடிதாசு போடப்படாதுன்னு உங்களுக்கு எழுதலை. ரெண்டாந்தடவை எங்கேயாவது அம்மை வருமா?”

பேச்சியம்மாள் வாயில் கை வைத்தாள். “அப்போ எல்லாம் தெரிஞ்சுதான் இருந்தியளா? பாவம், வடிவு என் பேச்சை நம்பிட்டாளே!”

பல நாளைக்குப் பிறகு அடுப்படியில் கடுகு வெடித்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே வடிவின் குரல் கேட்டது.

“போன வைகாசியில பிள்ளைக்கு வேப்பிலை அரைச்சுப் பூசினது யாரு மதினி? நான்தானே!”