அப்பா முணுமுணுத்த மெட்டு

‘பொருத்தமான பாடல் கிடைக்கவில்லை. மீண்டும் முயற்சி செய்யவும்.’

நாலாவது ஆப்பும் கையை விரித்துவிட்டது. ரஞ்சனுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"முணுமுணுத்தாலே போதும், என்ன பாட்டுன்னு மூணு செகண்ட்ல சொல்லிடும்னு விளம்பரம் பண்றான். எங்கப்பா பாடுறதை மட்டும் கண்டுபிடிக்க மாட்டேங்குது பாரு!"

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி வைஷாலி நிமிர்ந்தாள். "மாமாவுக்கே ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்களேன்."

"சர்ப்ரைஸ் போயிடும்லா!"

வருகிற சனிக்கிழமை அப்பா கோவிந்தசாமிக்கு எழுபத்தைந்து முடிகிறது. சிராங்கூன் ரோட்டில் ஓர் உணவகத்தின் மாடியைப் பிடித்தாயிற்று. சொந்தபந்தம் மொத்தமும் வருகிறது. கேக், வாழையிலைச் சாப்பாடு, மேடையில் இசைக்குழு. சாப்பாட்டுக்கு முன்னால் அப்பாவுக்கு ரொம்பப் பிடித்த பாட்டு திடீரென்று ஒலிக்க வேண்டும். அப்பா கண் கலங்க வேண்டும். அதை ரஞ்சன் வீடியோ எடுக்க வேண்டும்.

அது என்ன பாட்டு என்பதில்தான் சிக்கல்.

மெட்டு கிடைத்ததே கேமரா புண்ணியத்தில். அம்மா போன பிறகு அப்பா செம்பவாங் வீட்டில் தனியாக இருக்கிறார். தான் குடியிருக்கும் செங்காங்கிலிருந்து நினைத்தபோதெல்லாம் போய்வர முடிகிறதா? அதனால் போன வருஷம் அப்பா வீட்டு ஹாலில் ரஞ்சன் கேமரா மாட்டினான். எழுந்தாரா, சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா, எல்லாம் ஆபீசிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். போன் பண்ணி ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்கிற வேலை மிச்சம். பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிப் பெருமைப்படுவான்.

அந்தக் கேமராவில்தான் கவனித்தான். சாயங்காலமானால் அப்பா சோபாவில் உட்கார்ந்து ஒரே மெட்டை முணுமுணுக்கிறார். நிறுத்துகிறார். கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறார். மறுபடி ஆரம்பிக்கிறார்.

சாங்கியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் மேனேஜராக இருப்பவன் இதை விடுவானா? ஒலிப்பதிவிலிருந்து மின்விசிறிச் சத்தத்தை நீக்கினான். சுருதியைச் சரி செய்தான். ஏஐயிடம் கொடுத்தான். அது முதல் நாள் கொரியப் பாட்டு என்றது. மறுநாள் ஏதோ ஒரு தீவின் தேசிய கீதம் என்றது. பழைய பாட்டு ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பார்த்தான். அங்கே இரண்டு பெரியவர்கள் அது எந்த ராகம் என்று சண்டை பிடித்து, இருவருமே குழுவைவிட்டு வெளியேறினார்கள்.

கடைசியில் இசைக்குழுத் தலைவர் அலெக்சாண்டரிடம் போய் நின்றான். அவர் தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பவர். ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே வாசித்துவிடுவார். இதையும் வாசித்தார். வாசித்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார்.

"சார், இது பாட்டு மாதிரியே இல்லையே. பல்லவி மட்டும் இருக்கு, சரணமே வரலை. அதே நாலு வரி திரும்பத் திரும்ப வருது, அப்புறம் பட்டுனு நின்னுடுது."

"வயசாயிடுச்சுலா, மிச்சம் மறந்திருக்கும். நீங்க வயலின், புல்லாங்குழல் எல்லாம் சேர்த்துப் பெரிசா பண்ணிடுங்க."

சனிக்கிழமை மாடி நிரம்பி வழிந்தது. புது வேட்டி சட்டையில், மாலையும் கழுத்துமாக, அப்பா முன்வரிசையில் கேக் தட்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வைஷாலி.

ரஞ்சன் மைக்கைப் பிடித்தான்.

"எல்லாரும் அப்பாவுக்கு வாட்ச் வாங்கித் தருவாங்க, சட்டை வாங்கித் தருவாங்க. நான் அவர் மனசுல ஓடுற பாட்டையே கண்டுபிடிச்சுக் கொண்டு வந்திருக்கேன். டெக்னாலஜி இருந்தா தூரம் ஒரு பொருட்டே இல்லைங்க. அவர் முணுமுணுக்கிறதுகூட எனக்குக் கேக்கும்!"

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. பூவம்மா அத்தை சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பெத்தா இப்படி ஒரு பிள்ளையைப் பெக்கணும்."

ரஞ்சன் அலெக்சாண்டருக்குக் கையைக் காட்டிவிட்டு, அரங்கின் கடைசிக்கு ஓடிப்போய் வீடியோவை ஓடவிட்டான்.

முதலில் கீபோர்டில் மட்டும், மணி ஒலிப்பதுபோலத் தனியாக அந்த மெட்டு எழுந்தது.

அப்பா திடுக்கிட்டார். தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சட்டென்று எழுந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. ரஞ்சன் திரையில் அவர் முகத்தைப் பெரிதாக்கினான். ஆமாம், கண் கலங்கித்தான் இருந்தது! கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

அப்பா சட்டைப் பையைத் தடவினார். குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தார். வைஷாலி பதறிப்போய் எழுந்தாள்.

"என்ன மாமா தேடுறீங்க?"

"என் போனும்மா! அடிக்குது பாரு, உனக்குக் கேக்கலையா? ரஞ்சன் கூப்பிடுறான். அவன் நம்பருக்குன்னு தனியா வச்ச சத்தம் இது."

வைஷாலி நிமிர்ந்து ரஞ்சனைப் பார்த்தாள். அவன் இரண்டு வரிசை தள்ளி, தூக்கிய போனோடு அப்படியே நின்றுவிட்டான். அப்பா அவனைக் கவனிக்கவில்லை. மேசைமேல் கிடந்த பைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் எடுக்கணும்மா. விட்டுட்டா மறுபடி பண்ண மாட்டான்!"