கரென்ட் போகாத வீடு

"வாங்க தம்பி, லிஃப்டிலேயே போயிடலாம்" என்றார் மதாம் ஒடெட், ஏதோ தினமும் அதில்தான் ஏறி இறங்குகிறவர் மாதிரி. லிஃப்டும் அவர் மானத்தைக் காப்பாற்றியது. ஒரு முனகல்கூட இல்லாமல் மூன்றாவது மாடியில் வந்து நின்றது.

பெய்ரூட்டில் வாடகைக்கு வீடு காட்டுவது லேசுப்பட்ட காரியமா? நேரம் பார்த்துக் காட்ட வேண்டும். அரசாங்கக் கரென்ட் வந்து போகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் காட்டினால் எந்தப் பொந்தும் மாளிகைதான். லிஃப்ட் ஓடும், குழாயில் தண்ணீர் கொட்டும். முக்கியமாக, அரசாங்கக் கரென்ட் இல்லாத நேரத்தில் தெருவுக்கே மாதக் காசுக்குக் கரென்ட் விற்கிற, படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே நிற்கிற தனியார் ஜெனரேட்டர் வாயை மூடிக்கொண்டிருக்கும்.

அந்த ராட்சசனுக்குப் பயந்து இதுவரை மூன்று குடித்தனங்கள் ஓடிவிட்டன. ஒடெட்டின் சேமிப்பையெல்லாம் வங்கி விழுங்கி ஏப்பம் விட்டாயிற்று. மான்ட்ரியலில் இருக்கிற மகன் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து மட்டும் அனுப்புகிறான். எதிர் வாசலில் குடியிருக்கும் ஒடெட்டுக்கு ரொட்டியும் மருந்தும் இந்த வீட்டு வாடகையில்தான். இப்போது வீடு பார்க்க வந்திருப்பவனும் ஓடிப்போனால் அக்கம்பக்கத்தில் கைமாற்று கேட்க வேண்டியதுதான்.

வந்தவன் பெயர் நஸ்ரி. நாற்பது வயது இருக்கும், நகக்கண்ணெல்லாம் கறுப்பு. "பக்கத்துலதான் தொழில்" என்று சொல்லியிருந்தான். சரி, கார் மெக்கானிக் என்று ஒடெட் முடிவுகட்டிவிட்டார்.

ஆனால் விசித்திரமான ஆள். சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை, குளியலறைப் பக்கம் திரும்பவே இல்லை.

"இந்தக் கட்டிடத்துல எத்தனை குடும்பம் மதாம்?"

"பன்னெண்டு. அத்தனையும் தங்கமான மனுஷங்க."

"மாசம் பொறந்தா காசை ஒழுங்காக் கட்டுறவங்களா?"

மாடிப்படி கூட்டுகிற செலவைத்தான் கேட்கிறான் என்று நினைத்தார் ஒடெட். "முதல் தேதி டாண்ணு எண்ணி வெச்சுடுவாங்க. கடன் சொல்ற பழக்கமே இங்க கிடையாது."

அதைக் கேட்டதும் நஸ்ரியின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"கரென்ட் எப்படி?"

"போனாத்தானே!"

"அடடா, அப்ப ஜெனரேட்டர்காரன் பாடு பாவம்."

"பாவம்தான்" என்று உச்சுக்கொட்டினார் ஒடெட். "பிழைப்புக்கு என்னதான் பண்றானோ! வாடகை நானூறு, தம்பி. கையில டாலரா வெச்சுடணும்."

தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஏலக்காய் காப்பியை அவர் கோப்பையில் ஊற்றவும் விளக்கு அணையவும் சரியாக இருந்தது. பாழாய்ப்போன அரசாங்கம் இன்றைக்கென்று பார்த்து முன்னாடியே கையை விரித்துவிட்டது. மறுநொடி கீழே ராட்சசன் இருமினான், செருமினான், அப்புறம் முழங்க ஆரம்பித்தான். கோப்பைகள் தட்டில் ஆடின, ஜன்னல் கண்ணாடி கடகடவென்று அதிர்ந்தது.

"லாரி! எவனோ லாரியைக் கொண்டாந்து நிறுத்தறான்!" என்று கத்தினார் ஒடெட்.

"லாரி இல்ல மதாம், ஜெனரேட்டர்!" என்று அவனும் கத்தினான். பால்கனிக் கதவைத் திறந்து, கீழே குனிந்து, தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டான்.

மாதாவே, நாலாவது ஆளும் போச்சே! ஒடெட்டுக்கு அழுகைக்குப் பதில் ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"நாசமாப் போறவன்! இந்த ஜெனரேட்டர்காரனுங்க அத்தனை பேரும் திருட்டுப்பசங்க தம்பி! காதையும் கிழிக்கிறான், பையையும் கிழிக்கிறான். நாங்க என்ன இளிச்சவாயா? பன்னெண்டு வீட்டுலயும் அவன் மீட்டர்ல காந்தம் ஒட்டி வெச்சிருக்கோம், முள்ளு அசையாது!"

நஸ்ரி மெல்லத் திரும்பினான். "பன்னெண்டு வீட்டுலயுமா?"

"முதல்ல ஒட்டினதே நான்தான்! நீங்க குடி வந்தா உங்களுக்கும் ஒண்ணு தரேன், தனிக்காசு வேண்டாம்."

அவன் சிரித்தான். திரும்பி வந்து நிதானமாக நாற்காலியில் உட்கார்ந்து காப்பியை எடுத்துக்கொண்டான்.

"வீடு பிடிச்சிருக்கு, மதாம்."

"பிடிச்சிருக்கா? இந்தச் சத்தத்தோடயா?"

"இந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும். நின்னுபோனா அலறிப் புடைச்சு எழுந்துடுவேன்."

ஒடெட்டுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. மாதாவே பார்த்து அனுப்பிய ஆள் அல்லவா இவன்! இவ்வளவு பெரிய ஏமாளி இனி எப்போது வந்து சிக்கப்போகிறான்? கண்ணிமைக்கும் நேரத்தில் அவர் மனசு மாறிவிட்டது.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் ஹபீபி. நானூறு பழைய வாடகை. இப்ப ஐந்நூறு."

"ஐந்நூறா?"

"ஒரு காசு குறையாது. இந்த மாதிரி வீடு இந்தத் தெருவுல வேற எங்க கிடைக்கும் உங்களுக்கு?"

"அது நிஜம்தான்" என்று ஒப்புக்கொண்ட நஸ்ரி, செல்போனை எடுத்து, "நிறுத்துடா" என்றான்.

கீழே ராட்சசன் ஒரு தடவை விக்கி, அடங்கிப்போனான். தெரு முழுக்க நிசப்தம். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட யாரோ கதவைத் தட்டுவது இப்போதுதான் காதில் விழுந்தது.

"நேத்துதான் இந்த ஜெனரேட்டரை வாங்கினேன், மதாம்" என்றான் நஸ்ரி, காப்பியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு. "வாடகையை நீங்க சொல்லுங்க. கரென்ட் ரேட்டை நான் சொல்றேன்."