இருமல்

மரியான்ஸ்கே லாஸ்னே ஊரின் மோட்டார்சைக்கிள் பந்தய மண் பாதையை ஒட்டிய கொட்டகையில் ஹினெக் இடது பூட்ஸின் அடியில் இரும்புத் தகட்டை மாட்டி வாரை இறுக்கிக்கொண்டிருக்கிறான். வளைவில் அந்தக் கால்தான் தரையை உரசிப் போகும். உச்சி வெயிலில் இன்ஜின்களில் கருகிய ஆமணக்கெண்ணெய் வாசம் தொத்திறைச்சிப் புகையோடு கலந்து நிற்கிறது. பக்கத்துத் தடுப்பில் இளசு ராடிமின் வண்டியைத் தள்ளி உசுப்புகிறார்கள். இன்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொள்கிறது. வாரைப் பிடித்த ஹினெக்கின் கை அப்படியே நின்றுவிடுகிறது. அவனுக்குக் கோப்பைகளை வாங்கித் தந்த இருமல் அது. விரிசல் விட்டுவிட்டது, பழைய இரும்புக்குப் போட்டாச்சு என்று குளிர்காலத்தில் தங்கை புருஷன் ஓட்டகார் சொன்ன இன்ஜின். இத்தனை வருஷமாக ஹினெக்கின் மெக்கானிக்கும் அவன்தான். "செத்துப்போச்சுன்னீங்களே மாப்ள?" என்று ஹினெக் தடுப்புக்கு மேலே எட்டிக் கேட்கிறான். ராடிமின் வண்டிமேல் குனிந்திருக்கும் ஓட்டகார் நிமிரவில்லை. கார்புரேட்டர் திருகை நெருடிக்கொண்டே, "உங்களுக்கு நாப்பத்திரண்டு ஆகுது மச்சான். நல்ல இன்ஜின வீணாக்கச் சொல்றீங்களா?" என்கிறான். இருமல் அடங்கி, சத்தம் ஒரே சீராக எழும்புகிறது. அந்தச் சீர் வந்ததும் எப்போதும் ஹினெக்கைப் பார்த்துச் செய்வதுபோல் ஓட்டகார் கட்டைவிரலை உயர்த்துகிறான், இன்று ராடிமைப் பார்த்து. தடுப்புக்கு இந்தப் பக்கம், யாரும் கேட்காமலே, ஹினெக்கின் கட்டைவிரலும் உயர்ந்துவிடுகிறது.